கரையோர நிலத்துக்கு நோட்டீஸ் வந்தால்: கொடுப்பதா, கூடுதல் கேட்பதா, எதிர்ப்பதா?

தமிழ்நாட்டில் கடலோரம், ஆற்றங்கரை, ஏரிக்கரை என்று தண்ணீரை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு அரசிடமிருந்து வரும் கடிதம் மூன்று விதம். முதலாவது, "உங்கள் நிலம் வேண்டும், பணம் தருகிறோம்" என்பது. இரண்டாவது, "நிலம் உங்களுடையதுதான், ஆனால் கட்டக் கூடாது" என்பது. மூன்றாவது, "அது உங்கள் நிலமே இல்லை" என்பது. மூன்றுக்கும் சட்டம் வேறு, போகும் இடம் வேறு, கிடைக்கும் பணமும் வேறு. கரையோர வழக்குகளில் தோற்பவர்களில் பலர் தவறான சண்டையைப் பிடித்தவர்கள். நில எடுப்புக்கு எதிராகப் பட்டாவை மட்டும் காட்டி வாதாடுகிறார்கள். புறம்போக்கு நோட்டீஸுக்குப் பதிலாக இழப்பீடு கேட்கிறார்கள். கட்டட அனுமதி மறுக்கப்பட்டால் நிலமே பறிபோனதாக நினைத்துக் கொள்கிறார்கள்.

ஆகவே கடிதம் வந்த அன்றே பார்க்க வேண்டியவை மூன்று: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதிக்குள் பதில். உறையையும் தூக்கிப் போட வேண்டாம். அதில் இருக்கும் அஞ்சல் முத்திரைத் தேதிதான் பிறகு காலக்கெடுவை நிரூபிக்கும்.

எடுக்கும் சட்டம் எது?

நிலம் எடுப்பு என்றாலே 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. மாநில நெடுஞ்சாலைக்கு எடுத்தால் 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். தொழிற்பூங்காவுக்கு என்றால் பெரும்பாலும் 1997-ஆம் ஆண்டின் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம். தேசிய நெடுஞ்சாலைக்கு 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையே நல்ல உதாரணம்: சென்னைப் பக்கத்தில் அகலப்படுத்துவது மாநிலத் துறை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுச்சேரி வரை தேசிய நெடுஞ்சாலை. ஒரே சாலையின் ஓரத்தில் இரண்டு சட்டங்கள்.

மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று 2019 ஜூலை 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றி, 2013 செப்டம்பர் 26 முதல் முன்தேதியிட்டு அவற்றுக்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூன் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. நிலத்துக்காரருக்கு இதன் பொருள்: இந்தச் சட்டங்களின் கீழ் எடுத்தால் சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது, அதை ஒரு ஆட்சேபணையாக எழுப்பிப் பயனில்லை. ஆனால் இழப்பீட்டுக் கணக்கு 2013 சட்டத்தின் முதல் அட்டவணைப்படிதான். அதை யாரும் குறைக்க முடியாது.

காலக்கெடுவைப் பொறுத்தவரை, 2013 சட்டத்தில் 11-ஆம் பிரிவு ஆரம்ப அறிவிக்கை வெளியானதிலிருந்து 60 நாளுக்குள் 15-ஆம் பிரிவின்படி ஆட்சேபணை கொடுக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில், நிலம் எடுக்கும் நோக்கத்தைச் சொல்லும் 3ஏ அறிவிக்கையிலிருந்து வெறும் 21 நாள். அதற்குப் பிறகு எடுப்பை உறுதிசெய்யும் 3டி அறிவிப்பு வந்துவிட்டால், அன்றே நிலம் எந்த வில்லங்கமும் இன்றி மத்திய அரசுக்குச் சேர்ந்துவிடும். "பணம் வாங்கவில்லையே, நிலம் இன்னும் என்னுடையதுதான்" என்ற வாதம் அங்கே எடுபடாது.

நோட்டீஸ் யார் பெயரில் வருகிறது என்பதும் முக்கியம். தனி வட்டாட்சியர் அலுவலகம் பட்டாவில் இருக்கும் பெயருக்குத்தான் அனுப்பும். பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்தால், நோட்டீஸ் கிராம நிர்வாக அலுவலரின் மகஜரோடு முடிந்துவிடும். பேரன் சென்னையில் இருந்து செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்போது 60 நாள் ஓடியிருக்கும்.

பேசிக் கொடுப்பதா, தீர்வத்துக்குக் காத்திருப்பதா?

தீர்வம் என்பது இழப்பீட்டை முடிவு செய்து அதிகாரி பிறப்பிக்கும் ஆணை. உண்மையான தேர்வு பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு தனிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டு சென்ட்டுக்கு ஒரு விலை சொல்லும். உடனே பணம், அலைச்சல் இல்லை. ஆனால் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டபின் கூடுதல் கேட்டு எங்கேயும் போக முடியாது. ஆகவே அந்த விலை நியாயமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

சட்டப்படி வரும் தொகையைப் போட்டுப் பார்ப்போம். கடலைப் பார்த்த 40 சென்ட் நிலம். சந்தை மதிப்பு சென்ட்டுக்கு 1,00,000 ரூபாய் என்று அலுவலகம் முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 லட்சம். இதை ஒரு காரணியால் பெருக்க வேண்டும். நகர்ப்புறத்தில் அது 1. ஊரகத்தில் 1 முதல் 2 வரை, நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து அரசு அறிவித்தபடி. நம் கணக்குக்கு 1.25 என்று கொண்டால் 50 லட்சம். சுற்றுச்சுவர், ஆழ்துளைக் கிணறு, தென்னை மரங்கள் எல்லாம் சேர்த்து 6 லட்சம். ஆக 56 லட்சம். இதன் மேல், கட்டாயமாக எடுப்பதற்காகத் தரும் 100 சதவீத ஆறுதல் தொகை; 1 கோடியே 12 லட்சம். இதைத் தவிர, சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை நாளிலிருந்து (அந்த மதிப்பீடு இல்லாத எடுப்பில் ஆரம்ப அறிவிக்கை நாளிலிருந்து) தீர்வம் வரும் நாள் அல்லது நிலத்தைக் கையகப்படுத்தும் நாள், இதில் எது முன்னதோ அதுவரை, சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம். ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தால் 7,20,000. கடைசியில் 1,19,20,000 ரூபாய். அதாவது சென்ட்டுக்கு 2,98,000.

பேச்சுவார்த்தை மேசையில் "சந்தை மதிப்பு ஒரு லட்சம், நாங்கள் இரண்டேகால் லட்சம் தருகிறோம்" என்று சொன்னால் தாராளம் போலத் தெரியும். கணக்குப் போட்டால் சென்ட்டுக்கு 73,000 நஷ்டம். மரமும் சுவரும் அந்த விலைக்குள்ளேயே அடக்கம் என்று கடிதத்தில் ஒரு வரி இருக்கும். அதை வாசித்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பேச்சுவார்த்தை லாபமாகும் சந்தர்ப்பமும் உண்டு. கூட்டுப் பட்டா, உடன்பிறந்தோர் தகராறு, தாய்ப் பத்திரத்தில் ஓட்டை என்று உரிமை பலவீனமாக இருந்தால், தீர்வத் தொகை உங்கள் கைக்கு வராமல், இழப்பீட்டுத் தகராறுகளைத் தீர்க்கும் நில எடுப்பு ஆணையத்திடமோ நீதிமன்றத்திலோ முடங்கும். யாருக்கு எவ்வளவு என்று முடிவாக ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்டவர்கள் பங்காளிகளை உட்கார வைத்துப் பேசி, சற்றுக் குறைந்தாலும் சம்மதத்தில் கொடுப்பது புத்திசாலித்தனம்.

வரி விஷயம் ஒன்று. 2013 சட்டத்தின் 96-ஆம் பிரிவுப்படி, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் தீர்வத்துக்கும் உடன்படிக்கைக்கும் வருமான வரியும் முத்திரைத் தீர்வையும் கிடையாது. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2016-இல் 36-ஆம் எண் சுற்றறிக்கையில் இதை உறுதிசெய்தது. ஆனால் தனியார் நிறுவனம் நேரடியாக உங்களிடம் வாங்கினால் இந்த விலக்கு இல்லை. கிராமத்து விவசாய நிலத்துக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வீட்டு மனையோ ரிசார்ட்டோ என்றால், தனியார் சொல்லும் விலையில் மூலதன ஆதாய வரியைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

கரைக்கு மட்டுமே உள்ள சிக்கல்: எந்தப் பத்திரத்தோடு ஒப்பிடுகிறார்கள்?

சந்தை மதிப்பை 26-ஆம் பிரிவு மூன்று வழியில் பார்க்கச் சொல்கிறது: அரசின் வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான ஒத்த வகை நிலப் பத்திரங்களில், விலை அதிகமான மேல் பாதியின் சராசரி, தனியார் அல்லது கூட்டுத் திட்டமானால் ஒப்புக்கொண்ட தொகை. இதில் எது அதிகமோ அது.

"ஒத்த வகை" என்ற சொல்லில்தான் கரையோரக்காரர்கள் ஏமாறுகிறார்கள். அலுவலகம் அதே கிராமத்தில் பதிவான பத்திரங்களைத் திரட்டும். அதில் பெரும்பாலானவை சாலைக்கு மேற்கே உள்ள புஞ்சை, சவுக்குத் தோப்பு. கடல் பார்த்த நிலம் அபூர்வமாகத்தான் கைமாறும், அதனால் அதற்குப் பத்திரம் குறைவு. மேற்குப் பக்கத்துச் சராசரியை எடுத்துக் கிழக்குப் பக்கத்து நிலத்துக்குப் போட்டுவிடுவார்கள்.

இதற்குச் சண்டை தேவையில்லை, காகிதம் போதும். உங்கள் கிராமத்திலும் இரு பக்கத்து கிராமங்களிலும் கடலையோ ஆற்றையோ ஒட்டிய புல எண்களை வருவாய்த் துறையின் புல வரைபடத்திலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்களுக்கு மட்டும் மூன்று ஆண்டு வில்லங்கச் சான்று போட்டு, அதில் வரும் கிரயப் பத்திரங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குங்கள். ஐந்தாறு கிடைத்தாலே போதும். அவற்றை ஆட்சேபணை மனுவோடும் விசாரணை நாளிலும் இணைத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மேற்சொன்ன கணக்கிலேயே சென்ட் விலை 1,00,000-இலிருந்து 1,60,000 ஆனால் இறுதித் தொகை 1,83,52,000 ஆகும். சென்ட்டுக்கு 60,000 ரூபாய் வித்தியாசம், பெருக்கலும் ஆறுதல் தொகையும் சேர்ந்து 64 லட்சத்து 32 ஆயிரமாக வளர்கிறது.

பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதி முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கும் பழக்கம் நம் ஊரில் ஊறிப்போனது. பக்கத்து மனைக்காரர் பத்து ஆண்டுக்கு முன் மிச்சம் பிடித்தது இன்றைக்கு உங்கள் இழப்பீட்டில் வந்து கடிக்காது. ஆனால் கடந்த மூன்று ஆண்டில் பிடித்தது கடிக்கும்.

எதிர்ப் பக்கம் இரண்டு வாதங்கள் வைக்கும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருப்பதால் கட்ட முடியாத நிலம், ஆகவே விலை குறைவு என்பார்கள். அதே மண்டலத்துக்குள், அதே தூரத்தில் விற்ற பத்திரம் ஒன்றைக் காட்டினால் அந்த வாதம் நிற்காது. தடை தெரிந்தே வாங்கியவர் கொடுத்த விலைதானே அது. அடுத்து, சிறு மனையின் விலையைப் பெரிய நிலத்துக்குப் போட முடியாது என்று மேம்பாட்டுச் செலவுக்காக ஒரு பங்கைக் கழிப்பார்கள். இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் உங்கள் நிலம் ஏற்கெனவே சாலையை ஒட்டி, மின் இணைப்போடு இருந்தால் கழிவைக் குறைக்கச் சொல்லலாம்.

அதிகாரிகள் உங்களோடு சேர்ந்து நிலத்தை அளக்கும் கூட்டு அளவை நாளன்று ஆள் இல்லாமல் இருக்கவே கூடாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே ஆற்றோரத்தையே அளக்கிறார்கள். சுவரின் நீளம், உயரம், செங்கல்லா கருங்கல்லா; கிணற்றின் ஆழம்; ஆழ்துளைக் குழாயின் விட்டம்; ஒவ்வொரு தென்னைக்கும் தோராய வயது, காய்க்கிறதா இல்லையா; இரும்புக் கதவு, மின் இணைப்பு எண். குறிப்பேட்டில் வராதது கடைசிவரை வராது. வீட்டின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால், முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க 94-ஆம் பிரிவு இடம் தருகிறது. சாலைக்கு முகப்பைக் கொடுத்துவிட்டுக் கடல் பக்கம் வழியில்லாத துண்டு மிஞ்சினால், துண்டான நிலத்தின் மதிப்புக் குறைவையும் 28-ஆம் பிரிவில் கேட்க வேண்டும். கேட்காமல் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

பட்டா இல்லாதவர்களுக்கும் இங்கே ஒரு கதவு உண்டு. மூன்று ஆண்டாக நீர்நிலையை நம்பிப் பிழைக்கும் மீனவர், படகோட்டி குடும்பங்களை 2013 சட்டம் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்கிறது. வலை உலர்த்தும் மணலுக்கு விலை கிடைக்காது. மறுவாழ்வுப் பட்டியலில் பெயர் சேர்வது வேறு உரிமை, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

எதிர்ப்புடன் வாங்குவது

பெரும்பாலான சிறு நிலத்துக்காரர்களுக்கு இதுதான் சரியான வழி. தீர்வம் வந்ததும் பணத்தை வாங்கிக்கொள்வது, ஆனால் தொகை போதாது என்ற எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு வாங்குவது, பிறகு உயர்த்திக் கேட்பது.

இதில் ஒரு வரி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எதிர்ப்பைத் தெரிவிக்காமல் வாங்கியவர், தொகையை உயர்த்தக் கேட்டு 64-ஆம் பிரிவில் மனுப் போடவே முடியாது என்று 77-ஆம் பிரிவு சொல்கிறது. பற்றுச்சீட்டில் கையெழுத்துக்கு மேலே "தொகை போதாது என்ற ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று கையால் எழுதுங்கள். அச்சிட்ட படிவத்தில் எழுத இடமில்லை என்று எழுத்தர் சொன்னால், அன்றே அதே வாசகத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பணம் வங்கிக் கணக்குக்கு நேரே வந்துவிட்டாலும் தபால் போக வேண்டும்.

கெடு: தீர்வம் சொல்லும்போது நீங்கள் அங்கே இருந்தால் ஆறு வாரம். இல்லையென்றால் நோட்டீஸ் கிடைத்து ஆறு வாரம் அல்லது தீர்வ நாளிலிருந்து ஆறு மாதம், எது முன்னதோ அது. மாநில நெடுஞ்சாலைச் சட்டத்திலும் தொழில் நோக்கச் சட்டத்திலும் மனு நீதிமன்றத்துக்குப் போகும், கெடுவும் வேறு. தேசிய நெடுஞ்சாலையில் மத்தியஸ்தரிடம் போக வேண்டும். அவரை நியமிப்பதே மத்திய அரசுதான், பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் அல்லது வருவாய் அலுவலர். அவர் கொடுக்கும் தொகை பிடிக்காமல் மாவட்ட நீதிமன்றம் போனால், நீதிபதி தொகையை உயர்த்திக் கொடுக்க முடியாது, ரத்து செய்யத்தான் முடியும் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில் அரசியல் சாசன அமர்வு அதைத் தளர்த்தி, மிகக் குறுகிய வரம்பில் திருத்தலாம் என்றது. ஆகவே நெடுஞ்சாலை வழக்கில் எல்லா ஆவணமும் மத்தியஸ்தர் முன்பே போய்விட வேண்டும்; மேலே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் தீர்ந்தது.

காலதாமதத்துக்கும் ஈடு உண்டு. ஆணையம் கூட்டிக் கொடுக்கும் தொகைக்கு, நிலத்தைக் கையகப்படுத்திய நாளிலிருந்து முதல் ஆண்டு 9 சதவீதம், அதன் பிறகு 15 சதவீதம் வட்டி. எந்த வங்கி வைப்பிலும் கிடைக்காத வட்டி அது. நீங்கள் மனுவே போடாமல் விட்டிருந்தாலும், அதே அறிவிக்கையில் வந்த பக்கத்து நிலத்துக்காரர் ஆணையத்தில் உயர்வு பெற்றால், அந்தத் தீர்ப்பிலிருந்து மூன்று மாதத்துக்குள் 73-ஆம் பிரிவில் நீங்களும் கேட்கலாம். இதற்காகவாவது பக்கத்து நிலத்துக்காரரோடு பேச்சு வைத்திருக்க வேண்டும்.

ரிட் மனு: எப்போது, எப்போது வேண்டாம்

சொத்துரிமை 1978-இன் 44-ஆவது திருத்தத்தோடு அடிப்படை உரிமை என்ற இடத்தை இழந்தது. இப்போது அது 300ஏ பிரிவில் அரசியல் சாசன உரிமை. 2024 மே 16-ஆம் தேதி கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏழு துணை உரிமைகளாகப் பிரித்தது: அறிவிப்பு, கேட்கப்படுதல், காரணத்தோடு முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு, முறையான நடைமுறை, தாமதமின்றி முடித்தல். உங்கள் கோப்பில் இவற்றில் எது இல்லை என்று விரலை வைத்துக் காட்ட முடிந்தால்தான் ரிட் மனு, அதாவது அரசின் முடிவை எதிர்த்து நேரே உயர் நீதிமன்றத்தில் போடும் மனு. "எங்கள் பூர்வீக நிலம்" என்பது நெஞ்சைத் தொடும், மனுவில் நிற்காது.

பொது நோக்கத்தையே தகர்த்து ஜெயித்ததும் உண்டு: போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தை நினைவிடமாக்க எடுத்ததை 2021 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் சாலை, துறைமுகம், வெள்ளத் தடுப்பு என்று வந்தால் பொது நோக்கம் இல்லை என்று நிரூபிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். சென்னை–சேலம் எட்டு வழிச் சாலையின் அறிவிக்கைகளை 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 3ஏ அறிவிக்கை செல்லும் என்றது. விவசாயிகளுக்கு அங்கே மிஞ்சிய வெற்றி, அறிவிக்கை நிலையிலேயே பட்டாவை அரசு பெயருக்கு மாற்றியது தவறு என்ற பகுதி.

உண்மையில் வெல்லும் ஆயுதம் காலெண்டர். 11-ஆம் பிரிவு அறிவிக்கைக்கு 12 மாதத்துக்குள், நிலம் எடுப்பதை உறுதிசெய்யும் 19-ஆம் பிரிவு விளம்புகை வர வேண்டும். விளம்புகைக்கு 12 மாதத்துக்குள் தீர்வம் வர வேண்டும். 3ஏ-வுக்கு ஓராண்டுக்குள் 3டி வர வேண்டும். தவறினால் எடுப்பு காலாவதி. இதில் ஒரு பொறி: நீங்கள் இடைக்காலத் தடை வாங்கினால், அந்தத் தடைக் காலம் விளம்புகைக் கெடுவிலிருந்து கழிக்கப்படும். காலாவதி ஆகப்போகும் எடுப்பை, அவசரப்பட்டுத் தடை வாங்கி நீங்களே உயிரோடு வைத்திருப்பீர்கள். கோப்பில் தேதிகளைப் பார்க்காமல் தடை கேட்கக் கூடாது.

பழைய 1894 நில எடுப்புச் சட்டத்தில் எடுத்துக் கிடப்பில் போட்ட நிலங்களுக்கு, 2020 மார்ச் 6-ஆம் தேதித் தீர்ப்புக்குப் பின் வழி குறுகிவிட்டது. கையகப்படுத்தவும் இல்லை, பணமும் கொடுக்கவில்லை என்ற இரண்டும் சேர்ந்தால்தான் காலாவதி. ஒன்று மட்டும் போதாது. நோட்டீஸ் வந்தபின் வாங்கியவருக்கோ எடுப்பை எதிர்க்கவே உரிமை இல்லை.

கட்டத் தடை: பணம் இல்லாத இழப்பு

கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் உங்கள் நிலத்தை எடுப்பதில்லை, ஆகவே இழப்பீடும் இல்லை. உயரலைக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் உச்சத்தில் தொடும் கோட்டிலிருந்து, 500 மீட்டர் வரை விதி பொருந்தும். 2011 அறிவிக்கையில் ஊரகக் கரையில் 200 மீட்டர் வரை கட்டக் கூடாத பகுதி. 2019 அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் அடர்த்தி உள்ள ஊரகப் பகுதிகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. மற்ற ஊரகப் பகுதிகளுக்கு அதே 200. முகத்துவாரம், உப்பங்கழி ஓரத்தில் 100 மீட்டர் என்றிருந்தது 50 ஆனது, அல்லது கழியின் அகலம், எது குறைவோ அது. ஆனால் புதிய விதியின்படி தயாரித்த வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்த பகுதியில்தான் புதிய தூரம் செல்லும். விற்பனைத் தரகர் "இப்போது 50 மீட்டர்தான் சார்" என்று சொன்னால், எந்த வரைபடம் என்று கேளுங்கள்.

1:4000 அளவிலான கிராம வரைபடத்தில் உங்கள் புல எண்ணின் மேல் கோடு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். பல நேரம் நிலத்தின் மேற்குப் பாதி கோட்டுக்கு வெளியே இருக்கும். வீட்டை நகர்த்தி வரைந்தாலே அனுமதி கிடைக்கும். அதை விட்டுவிட்டு ஊராட்சி அனுமதியை நம்பிக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சி மரடு சாட்சி. உப்பங்கழியோரத்து நான்கு அடுக்குமாடித் தொகுதிகளை இடிக்க 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வீட்டுக்காரர்களுக்கு இடைக்காலமாகக் கிடைத்தது 25 லட்சம். அதுவும் கட்டியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டிய பணம், நில எடுப்புக் கணக்கு அல்ல.

ஏரியோரத்தில் வேறொரு தடை வரும்: நகரமைப்பின் விரிவான வளர்ச்சித் திட்டத்தில் உங்கள் மனைக்கு மேல் பூங்கா என்று பச்சை அடித்திருப்பார்கள். மூன்று ஆண்டுக்குள் அரசு எடுக்காவிட்டால் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் அந்த ஒதுக்கீடு விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். இங்கே ரிட் மனு எளிது, செலவும் குறைவு.

"உங்கள் நிலமே இல்லை"

1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, உயரலைக்குக் கீழான கடல்படுகை, கழி, ஆறு, ஓடை, ஏரி எல்லாவற்றின் படுகையும் அரசுடையது என்கிறது. ஏரி என்றால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இந்த நோட்டீஸுக்குப் பட்டா மட்டும் பதில் ஆகாது. பட்டா உரிமைப் பத்திரம் அல்ல என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சலித்துவிட்டன. 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். அளவையில் புறம்போக்குக்கும் தவறுதலாகப் பட்டா விழுந்தது, அதை இன்றும் ரத்து செய்கிறார்கள்.

தேவை யு.டி.ஆருக்கு முந்தைய ஆவணம்: செட்டில்மென்ட் கால 'அ' பதிவேடு (கிராமத்தின் புல எண்வாரியான நிலப் பதிவேடு), பழைய புல வரைபடம், தாய்ப் பத்திரம். தாலுகாவில் கிடைக்காவிட்டால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம். அதில் "ரயத்துவாரி" (தனியார் பட்டா நிலம்) என்றிருந்தால் தைரியமாக நில்லுங்கள். "ஏரி", "ஓடை" என்றிருந்தால் வழக்கறிஞர் கட்டணத்தை மிச்சம் பிடித்து, மாற்று இடம் கேட்டு மனு எழுதுவதே மேல்.

இடையில் ஒரு வகை நிலம் இருக்கிறது: ஏரி உள்வாய்ப் பட்டா, காவிரி கொள்ளிடக் கரைப் படுகைப் பட்டா. தண்ணீர் நிரம்பினால் மூழ்கும், வடிந்தால் உழுவார்கள், ஆனால் தனியார் நிலம். உபரி நீர் வழியும் கலிங்கை உயர்த்தியோ தூர்வாரும் பெயரிலோ இதை நிரந்தரமாக நீருக்குள் விட்டால் அது ஆக்கிரமிப்பு அகற்றல் இல்லை, நில எடுப்பு. இழப்பீடு கேட்டு ரிட் போட 300ஏ முழு பலம் தரும்.

இன்னும் நோட்டீஸ் வரவில்லை என்றால்

விற்பதா வைத்திருப்பதா என்ற கேள்விக்கு நேரம் இப்போதுதான். 11-ஆம் பிரிவு அறிவிக்கை வந்தபின் ஆட்சியர் அனுமதி இல்லாமல் கிரயம் செய்ய முடியாது. வந்ததை மறைத்து விற்றால் வாங்கியவர் உங்கள் மேல் வழக்குப் போடுவார்.

எடுப்பை விடக் கடல் சீக்கிரம் எடுத்துவிடும் நிலங்களும் உண்டு. நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் கல் போட்டு அலைதடுப்பு கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். 1989-இல் கட்டிய புதுச்சேரித் துறைமுகத்துக்கு வடக்கே பொம்மையார்பாளையம் வரை நடந்தது அதுதான். உங்கள் நிலத்துக்குத் தெற்கே புதிய அலைதடுப்போ துறைமுகமோ வருகிறதா என்பதே விற்கும் முடிவின் முதல் கேள்வி. வடக்கே வருகிறது என்றால் அவசரம் இல்லை.

மேற்கு எல்லைக் கல்லிலிருந்து உயரலை விட்டுச் சென்ற வரி வரைக்கும், ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தை பிறந்தபின் ஒருமுறை, நாடா வைத்து அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து அளவு குறைந்தால், கிழக்கு எல்லைக் கல் ஒருநாள் தண்ணீருக்குள் போகும். அப்போது அந்தப் பகுதி கடல்படுகை. கூட்டு அளவையில் நிலமாகக் கணக்கில் வராது, 40 சென்ட் பத்திரத்துக்கு 31 சென்ட்டுக்குத்தான் பணம் எழுதுவார்கள்.